45,000 வரி பைத்தானை கோலாங்கில் திரும்ப எழுதலாமா? டீமில் ஒரே பஞ்சாயத்து

சுழியம்ஒன்று கேட்டது:

வணக்கம். ஐந்து பேர் டீம். ஆர்டர் மேலாண்மை அப்ளிகேஷன் ஒன்று: ஜாங்கோ 3.2, பைத்தான் 3.8, போஸ்ட்கிரஸ், சுமார் 45,000 வரி கோட். நான்கு கோர் சர்வர். முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் ஜியூனிகார்ன். வொர்க்கர் 4, டிஃபால்ட்டாக வரும் சிங்க் வகைதான்.

உச்ச நேரத்தில் நொடிக்கு 9 ரிக்வெஸ்ட் வரை வருகிறது. ஜாங்கோ மிடில்வேரில் அளந்தால் சராசரி 0.4 நொடி. என்ஜின்எக்ஸ் லாகில் பார்த்தால் பி95 (நூற்றில் 95 ரிக்வெஸ்ட் முடியும் நேரம்) 1.8 நொடி. சிபியூ 30 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. பயனர்களோ "சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார்கள்.

டீமின் சீனியர் சொல்வது: "பைத்தான்ல ஜிஐஎல் இருக்கு, ஒரு ப்ராசஸ்ல ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் ஓடும், எவ்வளவு தட்டினாலும் இவ்வளவுதான். கோலாங்ல எழுதினா பத்து மடங்கு வேகம், ஆறு மாசம் போதும்." மேனேஜருக்கும் ஆசை வந்துவிட்டது. எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எழுதியே ஆக வேண்டுமென்றால் எங்கே அடி வாங்குவோம்?

---

மெதுகுவெரி பதில்:

கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. சிபியூ 30 சதவீதம் என்றால் உங்கள் பைத்தான் கணக்குப் போட்டுக் களைத்துப் போகவில்லை, யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும்போது ஜிஐஎல் விடுவிக்கப்பட்டுவிடும். தவிர உங்களிடம் இருப்பது நான்கு தனித்தனி ப்ராசஸ், ஆளுக்கொரு ஜிஐஎல். அதன் தலையில் இந்தப் பழியைப் போட முடியாது.

சின்னக் கணக்கு ஒன்று. சிங்க் வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைத்தான் பிடிக்கும். 4 வொர்க்கர், ரிக்வெஸ்ட்டுக்கு 0.4 நொடி. 4-ஐ 0.4-ஆல் வகுத்தால் 10. நொடிக்கு 10-க்கு மேல் உங்கள் சர்வரால் முடியவே முடியாது, வருவதோ 9. தொண்ணூறு சதவீதம் நிரம்பிய வரிசையில் நாலு ரிக்வெஸ்ட் ஒன்றாக வந்து விழுந்தாலே பின்னால் வருவதெல்லாம் தேங்கும். அந்தத் தேக்கம் ஜாங்கோ மிடில்வேரின் கண்ணில் படாது, ஏனென்றால் ரிக்வெஸ்ட் இன்னும் ஜாங்கோவுக்குள்ளேயே நுழையவில்லை. என்ஜின்எக்ஸ் பார்க்கும். உங்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் பெரும்பங்கு அதுதான் என்று சந்தேகப்படுகிறேன். ஆனால் சராசரியையும் பி95-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஜாங்கோவுக்குள்ளும் பி95 எடுங்கள். அங்கே 0.6, வெளியே 1.8 என்று வந்தால் வரிசைதான் குற்றவாளி. உள்ளேயே 1.7 என்று வந்தால் குவெரி.

அடுத்து, அந்த 0.4 எங்கே போகிறது? இரண்டு கருவி போதும்.

முதலாவது பை-ஸ்பை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்தால் நிறுத்தாமலே உள்ளே பார்க்கும், கோடில் ஒரு வரி மாற்ற வேண்டாம். டிஃபால்ட்டாக நொடிக்கு 100 முறை எட்டிப் பார்த்து, நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று காட்டும் ஃப்ளேம் கிராஃப் வரைந்து தரும். உச்ச நேரத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: சும்மா காத்திருக்கும் த்ரெட்களை அது டிஃபால்ட்டாக விட்டுவிடும். உங்கள் பிரச்சினையே காத்திருப்புதான், எனவே ஐடில் ஆப்ஷனைச் சேர்த்தே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும், தப்பான இடத்தைக் காட்டும்.

இரண்டாவது போஸ்ட்கிரஸின் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ். ப்ரீலோட் லைப்ரரி பட்டியலில் சேர்த்து டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகு எக்ஸ்டென்ஷனை உருவாக்க வேண்டும். முடிவுகளை மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள், சராசரி நேரத்தை வைத்து வேண்டாம். சராசரியில் பார்த்தால் இரவில் ஒருமுறை ஓடும் ரிப்போர்ட் குவெரி மேலே வந்து உட்காரும். உங்களைக் கொல்வது 1 மில்லிசெகண்டில் முடிந்துவிட்டு ஒரு நாளைக்குப் பல லட்சம் முறை ஓடும் குட்டிக் குவெரி.

அந்தக் குட்டிக் குவெரி பெரும்பாலும் என்+1 தான். ஆர்டர் பட்டியலில் பக்கத்துக்கு 50 வரிசை. ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயர், ஆர்டரில் உள்ள பொருட்கள். பட்டியலுக்கு 1, வாடிக்கையாளருக்கு 50, பொருட்களுக்கு 50, ஆகமொத்தம் 101 குவெரி. போய்வரும் நேரமும் ஓஆர்எம் (டேபிள் வரிசையை ஆப்ஜெக்ட்டாக மாற்றும் ஜாங்கோ அடுக்கு) செலவும் சேர்த்து ஆளுக்கு 3 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 0.3 நொடி அங்கேயே காலி. வாடிக்கையாளருக்கு செலக்ட்-ரிலேட்டட் போடுங்கள், ஜாயினில் முடிந்துவிடும். பொருட்களுக்கு ப்ரீஃபெட்ச்-ரிலேட்டட், அதற்கு ஒரு குவெரி கூடுதல். 101 இரண்டாகும்.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ப்ரீஃபெட்ச் செய்து வைத்துவிட்டு, லூப்புக்குள் அதே பொருட்களின் மேல் மறுபடி ஃபில்டர் கூப்பிடுவது. ஃபில்டர் என்றாலே புதுக் குவெரி. கொண்டுவந்து வைத்தது சும்மா கிடக்கும், கூடவே 50 குவெரி திரும்பவும் ஓடும். ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே ஃபில்டர் செய்த குவெரிசெட்டைக் கொடுத்து, தனிப் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்ததும் அந்த வியூவுக்குக் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதி வையுங்கள். ஜாங்கோவிலேயே அதற்கான அசர்ட் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் யாராவது சீரியலைசரில் ஒரு ஃபீல்டைச் சேர்ப்பார்கள், 2 மறுபடி 52 ஆகும்.

கனெக்‌ஷன் வயதும் டிஃபால்ட்டில் 0. அதாவது ரிக்வெஸ்ட்டுக்கு ரிக்வெஸ்ட் புதுக் கனெக்‌ஷன், போஸ்ட்கிரஸ் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது ப்ராசஸ். 60 நொடி என்று வையுங்கள். பக்கப் பிரிப்பில் ஆஃப்செட் ("இத்தனை வரிசையைத் தாண்டிக் கொடு") இருந்தால் 2000-ஆவது பக்கத்துக்கு முதல் 99,950 வரிசைகளைப் படித்துத் தூக்கி எறிகிறது என்று அர்த்தம். பேஜினேட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் கவுன்ட் வேறு ஓட்டும். பெரிய டேபிளில் கடைசி ஐடியைப் பிடித்து "இதற்குப் பிறகு 50" என்று கேட்பதற்கு மாறுங்கள்.

இதெல்லாம் முடிந்து ரிக்வெஸ்ட் 0.1 நொடிக்கு வந்தால் அதே நான்கு வொர்க்கர் நொடிக்கு 40 தாங்கும். வொர்க்கரைக் கூட்டுவதானால் ஜியூனிகார்ன் கையேடு சொல்வது கோரின் இரு மடங்கு கூட்டல் 1, உங்களுக்கு 9. அதை இன்றே செய்யலாம், மெமரி எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கறுப்புத்திரை பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு விட்டுப்போச்சு. பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சாச்சு, ஜாங்கோ 3.2-க்கு 2024 ஏப்ரலோட. வேகத்தை விடுங்க, செக்யூரிட்டி பேட்ச் வராது. கோலாங் பேச்சுக்கு முன்னாடி இதை முடிங்க.

ரெண்டையும் ஒரே நாளில் ஏத்தாதீங்க, எது உடைச்சதுன்னு தெரியாது. வரிசை இப்படி: பைத்தான் 3.8-லயே இருந்துக்கிட்டு ஜாங்கோவை 4.2-க்குக் கொண்டுபோங்க, 4.2 ரெண்டு பக்கமும் கால் வைக்கும், பைத்தான் 3.8-லிருந்து 3.12 வரை ஓடும். அப்புறம் பைத்தானை 3.12-க்கு. அப்புறம் ஜாங்கோ 5.2, அதுக்கு பைத்தான் 3.10-ஆவது வேணும், போஸ்ட்கிரஸ் 14-ஆவது வேணும். ஒவ்வொரு படியிலும் டெஸ்ட்டை வார்னிங் எல்லாம் காட்டுற மாதிரி ஓட்டி, டெப்ரிகேஷன் வார்னிங்கைத் துடைச்சிட்டு அடுத்த படி.

கூலியும் உண்டு. பைத்தான் 3.11 வந்தப்போ 3.10-ஐ விடச் சராசரியா 1.25 மடங்கு வேகம்னு பைத்தான் ஆளுங்களே வெளியிட்டாங்க. அது கணக்குப் போடுற கோடுக்கு, டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கிற கோடுக்கு இல்ல. ஜாங்கோ 5.1-லிருந்து சைக்கோபிஜி 3 வச்சு கனெக்‌ஷன் பூல் உள்ளேயே வருது.

---

பாதிநிரல் பதில்:

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்: எழுதியே ஆக வேண்டுமென்றால் எங்கே அடி? கம்பைல் ஆகாத இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கம்பைல் ஆகி, டெஸ்ட்டும் பாஸாகி, மூன்று மாதம் கழித்துத் தப்பான எண்ணைக் காட்டுவதுதான் வலி.

எண்களில் தொடங்குவோம். மைனஸ் 7-ஐ 2-ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் பைத்தானில் மைனஸ் 4, கோலாங்கில் மைனஸ் 3. மைனஸ் 7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, கோலாங்கில் மைனஸ் 1. வாரத்தின் கிழமையை மீதி வைத்துக் கண்டுபிடிக்கும் கோட் இருந்தால் பின்னோக்கிப் போகும்போது உடையும். 2.5-ஐ ரவுண்ட் செய்தால் பைத்தானில் 2, ஏனென்றால் சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் போகும். கோலாங்கின் மேத் ரவுண்ட் 3 என்கிறது. போஸ்ட்கிரஸின் நியூமெரிக்கும் 3 என்கிறது. ஒரே பில்லுக்கு அப்ளிகேஷனில் ஒரு தொகை, ரிப்போர்ட்டில் வேறொரு தொகை. பைத்தானின் டெசிமல் போல ஒன்று கோலாங்கின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் கிடையாது. பணத்தை ஆகச்சிறிய அலகில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளோட்டைத் தொடாதீர்கள். பைத்தானில் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும், கோலாங்கில் 64 பிட் தாண்டினால் சத்தமில்லாமல் சுற்றி வந்து மைனஸ் ஆகும்.

சர்வரும் ஆப்பும் தகவல் பரிமாறும் ஜேசன் வடிவம் தனிக் காடு. கோலாங்கில் அறிவித்துவிட்டு எதுவும் போடாத ஸ்லைஸ் (கோலாங்கின் பட்டியல்), ஜேசனில் நல் (null) என்று போகும். பைத்தானில் அது வெற்றுப் பட்டியல் []. மொபைல் ஆப் அதன் நீளத்தைக் கேட்கும், அங்கேயே சுருண்டு விழும். டைப் சொல்லாமல் இன்டர்ஃபேஸுக்குள் டிகோட் செய்தால் எண்ணெல்லாம் ஃப்ளோட் ஆகும். 9007199254740993 என்ற ஐடி 9007199254740992 ஆகிவிடும், எந்த எரரும் வராது. யூஸ்-நம்பர் போட வேண்டும், அல்லது ஸ்ட்ரக்டில் முழு எண் என்று அறிவிக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமானது, வராத ஃபீல்ட். ஆர்டரில் தள்ளுபடியை மட்டும் திருத்த ஒரு பேட்ச் ரிக்வெஸ்ட் வருகிறது. இன்னொரு ரிக்வெஸ்ட்டில் முகவரி மட்டும் இருக்கிறது, தள்ளுபடி இல்லை. பைத்தான் டிக்‌ஷனரியில் "இல்லை", "0" இரண்டும் வேறு வேறு. கோலாங் ஸ்ட்ரக்டில் வராத ஃபீல்டும் 0 தான். முகவரியை மாற்றியவருடைய தள்ளுபடி காணாமல் போகும். பாயின்டராக அறிவித்து, நல் தானா என்று பார்த்தால்தான் தப்பிக்கலாம். பேட்ச் எடுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரக்டையும் கையால் பார்த்துவிடுங்கள், கோடைச் சரிபார்க்கும் லின்டர் இதைப் பிடிக்காது.

வெப்ஹுக்கில் (இன்னொரு சர்வருக்கு நீங்கள் அனுப்பும் அறிவிப்பில்) பாடியை வைத்துக் கையொப்பம் போடுகிறீர்களா? பைத்தான் ஜேசனில் கமாவுக்கும் கோலனுக்கும் பிறகு இடைவெளி விடும், சாவிகளைப் போட்ட வரிசையிலேயே எழுதும், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எண்ணாக்கி எஸ்கேப் செய்யும். கோலாங் இடைவெளி விடாது, மேப்பின் சாவிகளை அகரவரிசையில் அடுக்கும், தமிழை அப்படியே விடும், ஆனால் < > & மூன்றையும் எஸ்கேப் செய்யும். பொருள் ஒன்று, பைட் வேறு. கையொப்பம் பொருந்தவே பொருந்தாது.

பிறகு நம் ஊழ்வினை, சரம். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் பைத்தானில் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கோலாங்கில் 15, ஏனென்றால் அது யூடிஎஃப்-8 பைட்டை எண்ணுகிறது, தமிழுக்கு ஆளுக்கு மூன்று பைட். ஜாவாஸ்கிரிப்டில் 5. ஸ்விஃப்ட் மட்டும் 3 என்கிறது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கு. கோலாங்கில் முதல் 10 என்று வெட்டினால் "தமி" முடிந்து ழகரத்தின் ஒற்றை பைட் தொங்கும். அதை போஸ்ட்கிரஸுக்கு அனுப்பினால் செல்லாத பைட் வரிசை என்று திருப்பி அடிக்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் இது சிக்கவே சிக்காது. ரூனாக (யூனிகோட் குறியீடாக) மாற்றி வெட்டினாலும் முதல் 4 என்றால் "தமிழ", புள்ளி போயிற்று. எழுத்துக் கொத்தாக வெட்டத் தனி லைப்ரரி வேண்டும்.

கடைசியாக, வேகம் வேண்டுமென்று போகிறவர்களுக்கு: கோலாங்கின் டேட்டாபேஸ் பூலில் திறந்த கனெக்‌ஷனுக்கு டிஃபால்ட்டாக உச்சவரம்பே இல்லை. போஸ்ட்கிரஸின் டிஃபால்ட் வரம்பு 100. ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு கோரூட்டீன் (கோலாங்கின் இலகுவான த்ரெட்) என்று ஆயிரம் கிளம்பினால் டேட்டாபேஸ் கதவைச் சாத்திவிடும். சும்மா இருக்கும் கனெக்‌ஷனை 2-க்கு மேல் வைத்துக்கொள்ளாது என்பதும் டிஃபால்ட், எனவே திறந்து மூடித் திறந்து மூடியே நேரம் போகும். இரண்டையும் 20 போல ஒரே எண்ணில் வையுங்கள். டிஃபால்ட் எச்டிடிபி கிளையன்ட்டுக்கு டைம்அவுட்டும் கிடையாது. எதிரில் இருக்கும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

---

முனையம் பதில்:

எல்லோரும் சேர்ந்து அந்த சீனியரைச் சாத்தியாச்சு. அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

மொழி மாற்றம் பலன் தரும் இடம் உண்டு, சிபியூவே முட்டும் வேலை. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோலாங்குக்கு மாற்றுவதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள், ஏறக்குறைய பத்து மடங்கு வேகம் என்று எண்களோடு. உங்கள் சீனியர் சொல்லும் "பத்து மடங்கு" அங்கிருந்து வந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் கம்பைலர் நாள் முழுக்கக் கணக்குப் போடும் பிராணி, ஆர்டர் பட்டியல் அப்படி இல்லை. அவர்களும் உட்கார்ந்து புதிதாக வடிவமைக்கவில்லை. பழைய கோடின் அமைப்பை அப்படியே வைத்துப் பகுதி பகுதியாகப் பெயர்த்தார்கள், பழையதில் இருந்த நடத்தை புதியதிலும் இருக்க வேண்டும் என்பதற்காக. ஃபிஷ் ஷெல்லும் அப்படித்தான், சி++ கோடை ரஸ்டுக்குத் துண்டு துண்டாக மாற்றி 2025-இல் 4.0 வெளியிட்டார்கள், நடுவில் ஓடாத நிலை என்று ஒன்று இல்லாமல். எதிர்ப்பக்கம் நெட்ஸ்கேப் பிரவுசர். 5-ஆம் பதிப்பு வரவே இல்லை, புதிதாக எழுதிய 6 வெளிவர 2000 நவம்பர் ஆனது, அதற்குள் சந்தை எக்ஸ்ப்ளோரர் கைக்குப் போயிருந்தது.

ஆறு மாதம் என்ற மதிப்பீட்டை நம்பாததற்கு எனக்கு இன்னொரு காரணம்: பைத்தான் 2-இலிருந்து 3. ஒரே மொழி, ஒரே சமூகம், தானாக மாற்றித்தரும் கருவி வேறு. 3.0 வந்தது 2008 டிசம்பர், 2-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1. மேலே பாதிநிரல் அடுக்கிய வகுத்தலும் சரமும்தான் அங்கேயும் ஆளை அடித்தது.

இதில் தொழில்நுட்பம் அல்லாத பகுதியையும் வெளிப்படையாகப் பேசுங்கள். வேலை விளம்பரத்தில் கோலாங் மூன்று வருடம் கேட்கிறார்கள். பதவி உயர்வுப் படிவத்தில் "புதிய சிஸ்டம் கட்டினேன்" என்பதற்கு இருக்கும் மதிப்பு "101 குவெரியை 2 ஆக்கினேன்" என்பதற்கு இல்லை. பயோடேட்டாவுக்காக எழுதப்படும் கோட் இந்தத் துறையில் நிறைய, அதற்கு ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, அளவுகோலே அப்படி இருக்கிறது. அவருக்கு கோலாங் எழுத ஆசை என்றால் ஒதுக்கமான ஒரு சேவையைக் கொடுங்கள். பிடிஎஃப் தயாரிப்பு, கோப்பு இறக்குமதி, இப்படி சிபியூ தின்கிற, டேட்டாபேஸில் எழுதாத ஏதாவது. அதில் நிஜமாகவே லாபம் இருக்கும்: ஒரே பைனரி, குறைந்த மெமரி, டைப் சரிபார்ப்பு.

பாதை மாற்றுவது என்ஜின்எக்ஸில் ஒரு லொகேஷன் பிளாக். முதலில் மிரர் மாட்யூலால் நிஜ ரிக்வெஸ்ட்டின் நகலைப் புதியதுக்கு அனுப்பிப் பாருங்கள். கெட் மட்டும். போஸ்ட்டை மிரர் செய்தால் ஒவ்வொரு ஆர்டரும் இரண்டு முறை பதிவாகும். நகலின் பதிலை என்ஜின்எக்ஸ் குப்பையில் போட்டுவிடும், எனவே ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ரிக்வெஸ்ட் ஐடியோடு பதிலை லாகில் எழுதி, பிறகு ஜேசனாகப் பிரித்து ஒப்பிடுங்கள், பைட்டாக வேண்டாம். டேபிள் அமைப்பை மாற்றும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஜாங்கோ மைக்ரேஷன் இருக்கும்போது கோலாங் பக்கம் இன்னொரு மைக்ரேஷன் கருவி நுழைந்தால் தீர்ந்தது கதை.

---

சுழியம்ஒன்று:

எல்லோருக்கும் நன்றி. ஜாங்கோவுக்குள் பி95 எடுத்தேன், 0.7. வெளியே 1.8. அப்படியானால் வரிசைதான். பை-ஸ்பை மட்டும் டாக்கருக்குள் ஓட மறுக்கிறது, அனுமதி இல்லை என்கிறது. ரூட்டாகத்தான் ஓட்டுகிறேன்.

---

மெதுகுவெரி:

ரூட் போதாது. இன்னொரு ப்ராசஸின் மெமரியைப் படிக்கும் உரிமையை டாக்கர் கன்டெய்னருக்குத் தருவதில்லை. சிஸ்-பிட்ரேஸ் என்ற கேபபிலிட்டியைச் சேர்த்து கன்டெய்னரைக் கிளப்ப வேண்டும். குபெர்னெட்டிஸ் என்றால் செக்யூரிட்டி கான்டெக்ஸ்டில் அதே பெயர். அளந்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். புரொடக்‌ஷனில் அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே ஹோஸ்ட்டிலிருந்து ரூட்டாக, ஹோஸ்ட்டில் தெரியும் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து ஓட்டலாம். கன்டெய்னருக்குள் 1 என்று தெரிவது அங்கே வேறு எண்ணாக இருக்கும். ஜியூனிகார்னின் தாய் ப்ராசஸைப் பிடித்துவிடாதீர்கள், அது சும்மா உட்கார்ந்திருக்கும், அதன் குழந்தைகளில் ஒன்றைப் பிடியுங்கள்.

உள்ளே 0.7 தான் என்பதால், வொர்க்கரை 9 ஆக்குவதை இன்றைக்கே செய்யுங்கள். என்+1-ஐ நாளை பார்க்கலாம்.